பிள்ளை வாசிப்பதைக் கேட்க நேரமில்லையா?

காலை ஏழு மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை சோபாவில் சாய்ந்திருக்கிறது. கையில் செல்போன். யூடியூபில் ஏதோ பொம்மைப் படம் ஓடுகிறது. அம்மா இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் வைக்கிறார். வாய் திறக்கிறது, மூடுகிறது. என்ன சாப்பிடுகிறோம் என்றுகூடப் பிள்ளைக்குத் தெரியாது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்கும்வரை இப்படியே அரை மணி நேரம் போகிறது. இதே வீட்டில் போய், "பிள்ளையைத் தினமும் காலையில் கொஞ்சம் வாசிக்க வைக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "காலையில எங்கங்க நேரம் இருக்கு?" என்று பதில் வரும்.

நேரம் இருக்கிறது. அதைத்தான் போனுக்குக் கொடுத்துவிட்டோம்.

இந்தக் கோபம் எல்லோர் மேலும் இல்லை. விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் அம்மாவிடமும், இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிய வீடு திரும்பும் அப்பாவிடமும், நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணிடமும் நான் எதுவும் கேட்க மாட்டேன். நான் கேட்பது வீட்டில் இருந்துகொண்டே பிள்ளையின் பக்கத்தில் உட்காராத நம்மை. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஃபோனிக்ஸ், ஹிந்தி, கராத்தே என்று மாதாமாதம் கட்டணம் கட்டும் நமக்கு, சொந்தப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்குமா வாசிக்காதா என்பது தெரியவில்லை. மார்க் எவ்வளவு என்று கேட்கத் தெரிகிறது. "எங்கே, ஒரு பக்கம் வாசி கேட்போம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் ஏசர் என்ற பெயரில் கல்வி நிலை ஆய்வு நடத்துகிறது. கிராமம் கிராமமாக வீடு தேடிப் போய்ப் பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. வாசிப்புச் சோதனை அவ்வளவுதான். 2022-ல் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவரால்தான் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததன் அடி அதில் தெரிந்தது. 2024-ல் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் நோய்த்தொற்றுக்கு முன்பும் நாம் பெருமைப்படும்படி இருக்கவில்லை.

உடனே அரசுப் பள்ளியைத் திட்டக் கிளம்பாதீர்கள். வீடு தேடிப் போகும் ஆய்வு என்பதால் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அரசும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து, கையடக்கமான கதைப் புத்தகங்களை வாசிப்பு இயக்கத்தின் வழியே பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்ற இதழ் வருகிறது. காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. இதில் குறை சொல்ல நிறைய இருக்கலாம். ஆசிரியர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். ஆனால் முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தினம் எவ்வளவு நேரம் கேட்க முடியும்? ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றிரண்டு பிள்ளைகளைத்தான். அதற்கும் நமக்கு முடியவில்லை.

"எங்க பையன் நல்லாவே வாசிப்பானே" என்கிறீர்களா? ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். அதில் இருக்கும் பாடத்தை வகுப்பில் பத்து முறை சேர்ந்து சொல்லியிருப்பான். படத்தைப் பார்த்ததும் வரி தானாக வாயில் வந்துவிடும். விரல் ஒரு வரியில் இருக்க, வாய் அடுத்த வரியில் ஓடும். அதை வாசிப்பு என்று நினைத்து நாம் ஏமாந்துபோகிறோம். கடைப் பொட்டலத்தின் பின்பக்கத்தையோ, பஸ்ஸின் பெயர்ப் பலகையையோ, வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையையோ காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் கேளுங்கள். அப்போது தெரிந்துவிடும், பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று. இந்தச் சோதனையில் தோற்ற பிள்ளையைத் திட்டினால் அது அநியாயம்.

வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், வாசிப்பு தானாக வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். "அவங்க வந்துட்டு இருக்காங்க" என்றுதான் பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறது. புத்தகத்திலோ "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று இருக்கிறது. "போவல" என்பது அங்கே "போகவில்லை". "எங்கிட்ட" என்பது "என்னிடம்". ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பாதி அந்நிய மொழி. எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி ஒரு சொல்லின் முடிவுக்கு வந்தாலும், அந்தச் சொல்லை அது அதற்கு முன் காதால் கேட்டதே இல்லை. கேட்காத சொல்லை எப்படி அடையாளம் காணும்? அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவராவது செய்தித்தாளை உரக்க வாசிப்பார்கள். மாநிலச் செய்திகள் என்று வானொலி சொல்லும். பாட்டி கதை சொல்லும்போது பாதி எழுத்துத் தமிழ் கலந்துவரும். அந்த ஒலிகள் இன்று பிள்ளையின் காதில் விழுவதில்லை. எழுத்துத் தமிழ் அதன் காதில் ஏற இப்போது இருக்கும் ஒரே வழி, யாராவது அதற்கு உரக்க வாசித்துக் காட்டுவதும், அது உரக்க வாசிப்பதும்தான். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒட்டாது. தினமும் வேண்டும்.

நம் எழுத்தின் அமைப்பையும் கவனியுங்கள். 247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குறிகளைப் புரிந்துகொண்டால் அது குறைந்துவிடும். ஆனால் அந்தக் குறிகளில்தான் பிள்ளை இடறுகிறது. "கெ" என்பதில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, வாயில் 'க்' முதலில் வர வேண்டும். "கொ" என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் என்ன ஒலி என்று முடிவு செய்ய முடியும். "கே", "கோ", "கை", "கௌ" எல்லாவற்றிலும் இதே சிக்கல். "க" என்ற ஒரே எழுத்து "கண்"ணில் ஒரு மாதிரியும் "மகன்" என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. ல, ள, ழ மூன்றையும் ஒன்றுபோல் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பல்லிக்கும் பள்ளிக்கும் வேறுபாடு காதால் தெரியாது. கண் பழகிப் பழகித்தான் தெரியும். இதை எல்லாம் வகுப்பில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதாது. சின்ன அளவில், தினமும், தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் பழக வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு வேனிலிருந்து இறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குமேல் டியூஷன், வீட்டுப்பாடம், அதற்குள் வீட்டில் சீரியல் சத்தம். பாரதி தன் பாப்பாவுக்கு வகுத்த நாளில் காலை படிப்புக்கு, மாலை விளையாட்டுக்கு. முதல் பாதியை மட்டும் மேடைக்கு மேடை சொல்கிறோம். மாலையை டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். மாலையில் ஓடி ஆடட்டும். காலையில் இருபது நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இருபது நிமிடத்தில் செய்ய வேண்டியதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் போனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் அது தேர்வு போல ஆகிவிடும். முந்தின நாள் வாசித்த பக்கத்தையே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். "அதான் நேத்தே படிச்சாச்சே" என்று சிணுங்கும். பரவாயில்லை. முதல் நாள் எழுத்தெழுத்தாகத் திக்கித் திணறிய வரி, இரண்டாம் நாள் சொல் சொல்லாக வரும். மூன்றாம் நாள் பேச்சைப் போலவே வரும். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோயிருக்கும். சரளம் வந்த பிறகுதான் பொருள் மனதில் தங்கும். அதனால்தான் பழைய பக்கம்.

பிறகு புதிதாக அரைப் பக்கம். முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், விரல் வரிக்குக் கீழே நகர. அடுத்து இருவரும் சேர்ந்து. அடுத்து பிள்ளை தனியாக. ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே பாய்ந்து சொல்லிவிடாதீர்கள். நாலைந்து நொடி பொறுங்கள். வரவில்லை என்றால் அமைதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள். "இது கூடத் தெரியலையா, உங்க அத்தை பொண்ணப் பாரு" என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைய வாசிப்பு முடிந்தது, மறுநாளும் கெட்டது. கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வேகத்தை நிறுத்துக் கடிகாரம் வைத்து அளக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021-ல் ஓர் இலக்கு வைத்தது. தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பதும் ஒரே சொல்தான். அப்படிப்பட்ட மொழியில் சொற்களை எண்ணி வேகம் பார்ப்பது நியாயமான அளவுகோல் இல்லை. நின்று நின்று போகாமல், முற்றுப்புள்ளியில் குரல் இறங்கி, கேள்விக்குறியில் குரல் ஏறி வாசிக்கிறதா என்று கேளுங்கள். குரல் சரியாக ஏறி இறங்கினால் பொருள் புரிகிறது என்று அர்த்தம். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: "அந்த நரி ஏன் அப்படிச் செஞ்சுச்சு?" பதில் புத்தகத்து வரியாக வர வேண்டாம். தன் பேச்சில் சொல்லட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் எழுத்துக்கு. முந்தின நாள் வாசித்ததிலிருந்து இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பள்ளியில் சொல்வதெழுதல் என்பார்களே, அதுதான். மனம், மணம், கரை, கறை, விலை, விளை என்று இடறும் சொற்கள் தனித்தனிப் பட்டியலாக வேண்டாம். வாக்கியத்துக்குள் வரும்போதுதான் எந்த 'ன', எந்த 'ற' என்று பிள்ளை யோசித்து எழுதும். அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் மட்டும். நேற்று தெருவில் பார்த்த நாய்க்குட்டியைப் பற்றி இருக்கலாம், தம்பியோடு போட்ட சண்டையைப் பற்றி இருக்கலாம். பிழை இருக்கும். எல்லாப் பிழைக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த மூன்று சொற்களை மட்டும் வைத்து எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு பிழையை மட்டும் காட்டுங்கள். எழுதியது என்ன என்பதைப் பற்றிப் பேசுங்கள்.

"பசு" கட்டுரையும் "எனது பள்ளி" கட்டுரையும் மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள், சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. அவர்களை யாரும் அவர்கள் சொல்ல நினைத்ததை எழுதச் சொன்னதே இல்லை. ஒரே சொல்லைப் பத்து தடவை எழுத வைக்கும் இம்போசிஷன் எழுத்துப் பயிற்சி ஆகாது. கை வலிக்கும், வேறு பலன் இல்லை.

வாசிப்பு இல்லாத பிள்ளைக்குக் கணக்கும் வராது என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? வகுத்தல் தெரியும். ஆனால் "ஒரு வியாபாரி 240 மாம்பழங்களை 8 கூடைகளில் சமமாக அடுக்கினார்" என்று கணக்கு வாக்கியமாக வந்தவுடன், "மிஸ், இது கூட்டலா கழித்தலா?" என்று கேட்கும். நாம் உடனே கணக்கு டியூஷன் தேடுகிறோம். நாலாம் வகுப்பிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் பக்கம் பக்கமாக வாசித்துப் புரிந்துகொள்ளும் பாடங்களாக மாறுகின்றன. அதற்குள் வாசிப்பு கைவராத பிள்ளை அதற்குமேல் ஒவ்வொரு வருடமும் பின்னால் போகும். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. அது பிள்ளைகளின் நன்மைக்கான நல்ல ஏற்பாடு. ஆனால் 'தேர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகிவிடும் பெற்றோருக்கு, உள்ளே இருக்கும் ஓட்டை ஒன்பதாம் வகுப்பில்தான் தெரியவருகிறது.

அப்புறம் இன்னொரு கூட்டம். "எங்க பொண்ணுக்குத் தமிழ் வாசிக்கவே வராதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் அந்த ஆண்டு முதல் வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆக, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தால் அந்தப் பிள்ளையும் ஒருநாள் பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் எழுதத்தான் வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை காலையில் இருபது நிமிடம் ஒதுக்காத பெற்றோர், அப்போது பத்து மாதத்தில் தமிழ் கற்றுத்தரும் ஆசிரியரைத் தேடி ஊர் முழுக்க அலைகிறார்கள். தேர்வை விடுங்கள். தாத்தா எழுதிய கடிதத்தை, ஊர்க் கோயில் சுவரில் இருப்பதை, தன் அம்மா தன்னைப் பற்றி டைரியில் எழுதி வைத்ததை வாசிக்க முடியாத பிள்ளையை வளர்த்துவிட்டுச் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு காலைகளை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். அங்கே எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'பி யு டி' புட், 'சி யு டி' கட் என்று பிள்ளை குழம்புவது இயற்கை. அதற்கும் மருந்து இதே உரத்த வாசிப்புத்தான். ஒரு மொழியில் சரளமாக வாசிக்கப் பழகிய பிள்ளை, ஒரு பக்கத்திலிருந்து பொருளை எடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் கூடவே வருகிறது.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்ந்திருக்கிறது. 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக இங்கே வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. வரியைக் கட்டிவிட்டு அந்தக் கிளை நூலகத்தின் படியை மிதிக்காத வீடுகள்தான் நம் தெருவில் அதிகம். சிறு தொகை கட்டினால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். சிறுவர் புத்தக அலமாரி அங்கே தூசியோடு காத்திருக்கிறது. நாளிதழ் வாங்கும் வீட்டுக்குச் சிறுவர்மலரோ சிறுவர்மணியோ கூடவே வந்துவிடுகிறது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இதழ் இருக்கிறது. கோகுலம் நின்றுபோய்விட்டதே என்று வருத்தப்படுகிறோம். இருப்பதையாவது வாங்கினோமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படிக்கத் தெரியாத பெற்றோர் சிலர், "எனக்கே தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க" என்று ஒதுங்குகிறார்கள். அவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்: நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். கதை உங்களுக்குப் புரியும்படி பிள்ளை வாசித்ததா என்று உங்கள் காதே சொல்லிவிடும். புரியவில்லை என்றால் "திரும்ப வாசி கண்ணு" என்று சொல்லுங்கள். பாட்டி கேட்கலாம், ஏழாம் வகுப்பு அக்கா கேட்கலாம். அருகில் ஒரு மனிதர் இருந்து கேட்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

பள்ளிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். கூட்டத்தில் சுற்றுச்சுவரைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதோடு, "மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் புதிய பக்கத்தைத் தானாக வாசிக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் மார்க் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவராமல் அதையே கேளுங்கள்.

நாளைக் காலை தொடங்குங்கள். திங்கட்கிழமைக்கோ ஒன்றாம் தேதிக்கோ தள்ளிப் போடாதீர்கள். இட்லியைப் பிள்ளையே தன் கையால் சாப்பிடட்டும். போனை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு கதைப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "வாசி, நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.